"விசா முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இனிச் சொல்லாதீர்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

விழா நாட்களில் வாசலில் அமர்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்பவனாக உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஊரில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி இந்த நாட்டில் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த தமிழர்களோடு நேர்காணல் அறைக்குள் போய் மொழிபெயர்ப்பவன் என்பது மிகச் சிலருக்கே தெரியும். கூலி வாங்காமல் செய்கிற வேலை அது. நான் வழக்கறிஞன் இல்லை. யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. அந்த அறைகளில் என்ன கேட்கிறார்கள், எந்தப் பதிலைக் கேட்டதும் அதிகாரியின் விரல்கள் தட்டச்சுப் பலகையின்மேல் நின்றுவிடுகின்றன என்பதைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அதனால் எழுதுகிறேன். அறைக்குள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதால், கீழே வரும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். நடந்த தவறுகளை மட்டும் மாற்றவில்லை.

நம் அரங்குகளில், சாப்பாட்டு வரிசையில், வாகன நிறுத்துமிடத்தில், தஞ்சம் கேட்க நினைப்பவர்களுக்கென்று ஓர் அறிவுரை கைமாறிக்கொண்டே இருக்கிறது. "விசா இருக்கும்வரை வாயைத் திறக்காதே. கேஸ் போட்டால் விசாவை ரத்துசெய்துவிடுவார்கள். முடியட்டும், பிறகு பார்க்கலாம்." சொல்கிறவர் அக்கறையோடுதான் சொல்கிறார். கேட்கிறவரும் நன்றியோடு தலையாட்டுகிறார். இந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை?" என்ற கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டியவன் நான். அந்தக் கேள்விக்கு "சங்கத்தில் ஓர் அண்ணன் சொன்னார்" என்பது சட்டம் ஏற்கும் பதில் ஆகாது.

இந்த நாட்டின் தஞ்சச் சட்டம் 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தில் வேர்கொண்டது. இந்த மண்ணில் நிற்கும் எந்த வெளிநாட்டவரும், அவருடைய குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும், தஞ்சம் கேட்கலாம் என்று அது சொல்கிறது. விசாவோடு வந்தவர், விசா முடிந்தவர், விசாவே இல்லாமல் எல்லையைத் தாண்டியவர் என்று எவரையும் அந்த வரி ஒதுக்கவில்லை. நம் மக்கள் இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு, நிலை ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வதற்கு நிலை ஒரு பொருட்டில்லை என்பது உண்மை. எப்போது கேட்டோம் என்பதிலும், யார் விசாரிப்பார் என்பதிலும், மறுத்தால் எங்கே போய் நிற்போம் என்பதிலும் அதே நிலை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் அந்த ஓராண்டு. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கெடு வைத்தது. அந்தக் கெடுவுக்கு இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, நிலைமை மாறியது: ஊரில் ஆட்சி கவிழ்ந்தது, புதிதாகத் தேடி வருகிறார்கள், இங்கே வந்தபின் செய்த அரசியல் வேலை அங்கே தெரிந்துவிட்டது என்பன போன்றவை. மற்றது, அசாதாரணக் காரணங்கள்: கடும் நோய், துணையில்லாத சிறுவராக இருந்தது, வழக்கறிஞரின் பெருந்தவறு போன்றவை. இந்த இரண்டாவது வகையில், செல்லுபடியாகும் சட்டபூர்வ நிலையைக் காப்பாற்றிவந்ததும் ஒரு காரணமாக விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நான்கு ஆண்டுகள் மாணவர் நிலையில் படித்தவர், ஐந்து ஆண்டுகள் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தவர், நிலை முடிவதற்கு முன்போ முடிந்த பிறகு நியாயமான காலத்துக்குள்ளோ விண்ணப்பித்தால் ஓராண்டு தாண்டியதைக் காரணம் காட்டி அவரைத் தள்ளக்கூடாது.

இங்கே நம் அரங்கு இரண்டு பக்கமும் தவறு செய்கிறது. ஹெச்-1பியில் இருக்கும் ஒருவரிடம், "ஓராண்டு தாண்டிவிட்டதே, இனி உனக்கு வழியில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவருக்கு வழி இருந்தது. சுற்றுலா விசாவில் வந்த ஒரு தாயிடம், "பத்து ஆண்டு விசா குத்தியிருக்கிறதே, அவசரம் என்ன?" என்று சொல்லியிருக்கிறோம். கடவுச்சீட்டில் குத்திய விசா, வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது ஐ-94 என்ற பதிவில் இருக்கிறது; சுற்றுலாவுக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தாய் தன் ஐ-94 பதிவை ஒருநாளும் பார்த்ததில்லை. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் சில நிமிடங்களில் எடுக்கக்கூடிய ஒற்றைத் தாள். நாங்கள் அதை எடுத்துப் பார்த்தபோது அவர் வந்து பதினான்கு மாதம். நிலை முடிந்து எட்டு மாதம்.

"நியாயமான காலம்" என்றால் எத்தனை நாள் என்று விதி எண்ணிக்கை சொல்லவில்லை. ஒவ்வொருவர் சூழ்நிலையையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆறு மாதத்தைத் தாண்டினால் விளக்குவது மிகக் கடினம் என்று வழக்கறிஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் செய்ய முடிந்ததை ஆறாவது மாதம்வரை தள்ளுவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகிவிடாது.

கெடுவைத் தவறவிட்டவர் உடனே நாடுகடத்தப்படுவார் என்று பொருளில்லை. அவருக்கு வேறு பாதுகாப்புகளுக்கு வழி உண்டு: உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்கு அனுப்பாமல் தடுத்து நிறுத்துவது, சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் கீழான பாதுகாப்பு. அவற்றுக்கான அளவுகோல் மிக உயரம். தஞ்சத்துக்கு, பத்தில் ஒரு பங்கு ஆபத்து இருந்தால்கூட அச்சம் நியாயமானதாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்னது. தடுத்து நிறுத்தும் பாதுகாப்புக்கோ, ஆபத்து நேராமல் இருப்பதைவிட நேர்வதற்கே வாய்ப்பு அதிகம் என்று நிறுவ வேண்டும். அப்படியே வென்றாலும் கையில் இருப்பது வெளியேற்ற உத்தரவும், அதை அந்த ஒரு நாட்டுக்கு நிறைவேற்றக்கூடாது என்ற தடையும்தான். வேறொரு நாடு ஏற்றுக்கொண்டால் அங்கே அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பாதுகாப்பு, நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பச்சை அட்டைக்கு வழி திறக்காது. ஊரில் விட்டுவந்த மனைவியையும் பிள்ளைகளையும் அதை வைத்து அழைத்துக்கொள்ள முடியாது. தஞ்சம் கிடைத்தவரோ ஓராண்டில் பச்சை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மனைவியையும், திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் வரவழைக்கலாம். வழக்கில் வென்று, உயிரோடும் பத்திரமாகவும் இருந்துகொண்டு, மகளின் திருமணத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தவறவிட்டது ஏழு வாரம்.

அடுத்து, முடிவு வரும் நாள். என் அனுபவத்தில் அதிகக் கண்ணீரை வரவழைத்தது இதுதான், ஏனென்றால் இங்கே துன்பத்தின் பெரும்பகுதி வெறும் அறியாமையால் வந்தது.

தானாக முன்வந்து குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவையிடம் ஐ-589 என்ற தஞ்ச விண்ணப்பப் படிவம் கொடுத்தவரைத் தஞ்ச அதிகாரி விசாரிக்கிறார். அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை என்றால், விண்ணப்பதாரரின் நிலையைப் பார்த்துப் பாதை இரண்டாகப் பிரிகிறது. அவர் அப்போது செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், முதலில் மறுக்க உத்தேசித்திருப்பதாக ஒரு கடிதம் வரும். காரணங்கள் அதில் இருக்கும். பதில் சொல்ல 16 நாள் தருவார்கள். அந்தப் பதிலும் போதவில்லை என்றால் நிராகரிப்பு. நிராகரித்தாலும் அவருடைய மாணவர் நிலையோ வேலை நிலையோ அப்படியே இருக்கும். அடுத்த திங்கட்கிழமையே அவர் வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ போகலாம். நிலை இல்லாதவராக இருந்தால், அதிகாரி நிராகரிப்பதில்லை. வழக்கைக் குடிவரவு நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கிறார். கூடவே, நாடுகடத்தல் வழக்கில் முன்னிலையாக வேண்டும் என்ற அழைப்பாணை வரும். நீதிபதி முதலிலிருந்து புதிதாக விசாரிப்பார். எதிரே அரசு வழக்கறிஞர் நின்று குறுக்கு விசாரணை செய்வார். நம் பக்கம் வழக்கறிஞர் வேண்டுமானால் நாமே அமர்த்த வேண்டும்; அரசு செலவில் கிடைக்காது.

இந்த இரண்டு கடிதங்களையும் நம்மவர்கள் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள்: "கேஸ் ரிஜெக்ட்." அந்தச் சொல் செய்த கேட்டை எண்ணிப்பார்த்தால் தூக்கம் வருவதில்லை. ஓர் இளைஞருக்கு நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்த கடிதம் வந்தது. ரிஜெக்ட் ஆகிவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று அவர் வேறு மாநிலத்துக்கு வேலை தேடிப் போய்விட்டார். நீதிமன்றத்தில் அவர் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு பிறந்தது. அவருக்குக் கிடைத்திருந்தது இரண்டாவது வாய்ப்பு. அவர் அதைத் தோல்வி என்று படித்தார். அறைத் தோழர்களும் அப்படித்தான் படித்துச் சொன்னார்களாம். இன்னொரு குடும்பத்தில் கணவருக்கு ஹெச்-1பி இருந்தது, மனைவிக்கு அவரைச் சார்ந்த விசா. அவர்களுக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று பயந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மூன்று வாரம் திரைச்சீலையை மூடிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுடைய நிலைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவர் வேலைக்குப் போகாமல் இருந்ததுதான் நிலைக்கு வந்த ஒரே ஆபத்து.

இன்னும் ஒன்று. பார்க்கப்படுவது முடிவெடுக்கும் நாளின் நிலை. விண்ணப்பித்த நாளில் விசா இருந்தது என்பது இங்கே உதவாது. சுற்றுலா விசாவில் வந்து மூன்றாம் மாதமே விண்ணப்பித்தவருக்கும், முடிவு வரும்போது ஐ-94 காலாவதியாகியிருக்கும். அவர் நீதிமன்றத்துக்குத்தான் போவார். 2018 ஜனவரி முதல், புதிதாக வந்த விண்ணப்பங்களை முதலில் எடுக்கிறார்கள். 2024இல் பழையவற்றுக்கும் தனிப் பாதை ஒன்று திறந்தார்கள் என்றாலும், இடையில் மாட்டிக்கொண்டவர்கள் எட்டு, ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவையின் முன் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. நீதிமன்றங்களில் நிலுவை வழக்குகள் 2023இன் இறுதியிலேயே முப்பது லட்சத்தை எட்டிவிட்டன. 2025 நவம்பர் இறுதியில் எல்லாத் தஞ்ச முடிவுகளையும் நிறுத்திவைப்பதாக அந்தச் சேவை அறிவித்தது. அவ்வளவு நீண்ட காத்திருப்பில் ஒருவருடைய படிப்பு முடியும், வேலை போகும், நிலை மாறும்.

இங்கே இன்னொரு பொய் நம்பிக்கை உண்டு. "பெண்டிங் அசைலம்", அதாவது தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் இருப்பதே ஒரு நிலை என்று நினைப்பது. அது நிலை இல்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இங்கே தங்கியிருக்கலாம்; அனுமதியில்லாமல் வேலை செய்யாதவரை அந்த நாட்கள் சட்டவிரோதத் தங்கலாக எண்ணப்படுவதில்லை. காத்திருப்பவரின் உரிமை அது. வேலை அனுமதி அட்டையும் வரும். அந்த அட்டை கைக்கு வந்ததும், இனி முதலாளியின் பிடி எதற்கு என்று ஹெச்-1பி வேலையை விட்டுவிட்டு வேறிடத்தில் சேர்ந்த ஒருவரோடு நான் நேர்காணலுக்குப் போனேன். அட்டையைக் காட்டி அவர் பெருமையாகப் பேசினார். வேலையை விட்டதோடு ஹெச்-1பி நிலையும் போய்விட்டது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் மனைவியின் நிலையும் அதோடு சேர்ந்து போனது. நிராகரித்தாலும் இருந்திருக்கக்கூடிய தரை காலடியிலிருந்து நழுவி, குடும்பம் முழுவதும் நாடுகடத்தல் வழக்கில் நின்றது. வேலையிழந்தவர்களுக்கு 60 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் புதிய நிறுவனம் கிடைக்காமல் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த அட்டைதான் சோறு. இவர் போன்றவர்களுக்காகத்தான் மனம் ஆறவில்லை.

இதையே திருப்பிப் போட்டும் ஒருவர் என்னிடம் கேட்டார். "நிலை இருந்தால் நிராகரிப்பு, மேல்முறையீடும் கிடையாது. நிலை இல்லாவிட்டால் நீதிபதி முன் இன்னொரு வாய்ப்பு. அப்படியானால் நிலையை விட்டுவிடுவது நல்லதுதானே?" கேள்வி கூர்மையானது. தஞ்ச அதிகாரியின் நிராகரிப்பை மேல்முறையீடு செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த இன்னொரு வாய்ப்பு நாடுகடத்தல் வழக்கின் உள்ளே இருக்கிறது. அங்கே தோற்றால் கையில் கிடைப்பது வெளியேற்ற உத்தரவு. அந்தத் தராசில் எதை வைப்பது என்பதை அவரவர் தம் வழக்கறிஞரோடு உட்கார்ந்து, ஊரில் நடந்ததன் கனத்தையும் கையில் உள்ள சான்றுகளையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் பத்து நிமிடத்தில் முடிவுசெய்யும் விஷயமா அது?

விசாவுக்கும் வழக்குக்கும் உள்ள இன்னோர் உறவைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. விசாவுக்காக நிரப்பிய படிவம் கோப்பில் இருக்கிறது. நேர்காணலில் அதிகாரி அதைத் திரையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். "எப்போதாவது கைதுசெய்யப்பட்டதுண்டா?" என்று அந்தப் படிவம் கேட்டிருக்கும். நம்மவர் "இல்லை" என்று போட்டிருப்பார், அல்லது முகவர் போட்டிருப்பார். இப்போது தஞ்ச விண்ணப்பத்தில், "பிடித்துக்கொண்டு போய் நான்கு நாள் வைத்து அடித்தார்கள்" என்று எழுதியிருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முரண்பாடு வழக்கின் மையத்தைத் தொடாததாக இருந்தாலும், அதை வைத்து ஒருவர் நம்பத்தகாதவர் என்று முடிவுக்கு வர இடமிருக்கிறது.

பல நேரங்களில் இரண்டு பதிலும் உண்மையாகவே இருக்கும். எந்த நீதிமன்றத்திலும் பதிவாகாமல், எந்தத் தாளும் இல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்திருந்ததை அவர் மனம் "கைது" என்று எண்ணியதே இல்லை. நம் தமிழில் அதற்குச் சொல்லும் சொல்லே வேறு. "விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்" என்பார். "விசாரித்தார்கள்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் கட்டிவைத்ததும் தண்ணீரில் அமிழ்த்தியதும் இருக்கிறது என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால், அழைத்துப்போய்க் கேள்வி கேட்டதாக மட்டும் ஆகிவிடும். "விசாரித்தார்கள் என்றால் என்ன செய்தார்கள்?" என்று அதிகாரி கேட்டால் அவர் அமைதியாகிவிடுவார். முதன்முறை நானும் அந்தச் சொல்லை மெல்லியதாகவே மொழிபெயர்த்துவிட்டு, அன்றிரவு வீட்டுக்கு வந்து அழுதேன். வழக்கறிஞர் முன்கூட்டியே விசாப் படிவத்தைப் பார்த்து, அந்த முரணுக்கான விளக்கத்தை வாக்குமூலத்திலேயே எழுதிவைத்திருந்தால், அதிகாரி அதைப் படித்துவிட்டுத்தான் அறைக்குள் வந்திருப்பார்.

விசா புதுப்பிக்க ஊருக்குப் போய்வருவதும் இப்படித்தான். வேலை விசாவில் இருப்பவர்கள் முத்திரை குத்திக்கொள்ள ஊருக்குப் போவது வழக்கம். உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் ஊருக்கு இரண்டு வாரம் போய்வந்தால், அந்த இரண்டு வாரம் வழக்கில் முதல் கேள்வியாக வரும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். தாயின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் தவித்த ஒருவர் என் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார். போகச் சொல்லவும் முடியவில்லை, போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நிலையே இல்லாமல், எல்லையில் வந்து நிற்பவர்களின் கதை வேறு. 2017 பிப்ரவரியில் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கெஜ தூரத்தில் பிடிபட்டார். அவர் பெயரிலேயே அந்த வழக்கு சட்ட நூல்களில் இருக்கிறது. நான் இங்கே எழுதவில்லை. தன்னைக் கடத்திக்கொண்டு போய் அடித்ததாக அவர் சொன்னார். அடிபட்டது உண்மை என்று அதிகாரி ஏற்றுக்கொண்டார். அடித்தவர்கள் யார், எதற்கு என்பதை நிறுவவில்லை என்று சொல்லி விரைவு வெளியேற்றத்துக்கு, அதாவது முழு நீதிமன்ற விசாரணை இல்லாமல் திருப்பி அனுப்பும் முறைக்கு, அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2020 ஜூன் 25 அன்று 7-க்கு 2 என்று அவருக்கு எதிராக முடிந்தது. அதே மனிதர் அதே தழும்புகளோடு மாணவர் விசாவில் விமானத்தில் வந்திறங்கியிருந்தால் தஞ்ச அதிகாரி, தேவைப்பட்டால் குடிவரவு நீதிபதி, மேல்முறையீட்டு வாரியம், கூட்டாட்சி நீதிமன்றம் என்று ஒவ்வொரு படியாக ஏறிப் போயிருக்கலாம். நம்மில் ஒருவரின் வழக்குதான் இன்று எல்லையில் நிற்கும் எல்லா நாட்டு மனிதர்களையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பாக இருக்கிறது. நம் மேடைகளில் ஒருமுறைகூட அதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

இனி, நான் உங்களிடம் கேட்க வந்ததைச் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் அரைப் பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுங்கள். ஐ-94 எங்கே பார்ப்பது, கடைசியாக உள்ளே வந்த தேதியிலிருந்து ஓராண்டு எப்போது முடிகிறது, வீடு மாறினால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது, நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அங்கே ஐந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது, கட்டணமில்லாமலோ குறைந்த கட்டணத்திலோ உதவும் சட்ட அமைப்புகளின் பட்டியலை நீதித் துறையே வெளியிடுகிறது என்பது. இவ்வளவு போதும். யார் தஞ்சம் கேட்கப்போகிறார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் கொடுத்தால், தேவைப்பட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாமலேயே அது அவரிடம் போய்ச் சேரும். நம்மிடம் வந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்களே அதிகம்.

நம் விழா மலர்களில் விளம்பரம் கொடுக்கும் படிவ நிரப்பிகளைப் பற்றியும் பேச வேண்டும். வழக்கறிஞரும் இல்லை, நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியும் இல்லை. ஒரே கதையைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு எழுதுகிறார்கள். பத்துப் பேரும் ஒரே நாளில், ஒரே முகாமில், ஒரே வார்த்தைகளில் அடிபட்டிருக்கிறார்கள். தெரிந்தே பொய் சொன்ன விண்ணப்பம் என்று நீதிபதி முடிவுசெய்தால், அந்த விண்ணப்பதாரருக்கு இந்த நாட்டின் குடிவரவுச் சலுகைகள் நிரந்தரமாக மூடப்படும். பிறகு குடிமகள் ஒருத்தியை மணந்தாலும் பச்சை அட்டை கிடைக்காது. எழுதிக்கொடுத்தவருக்கு அடுத்த மலரிலும் அரைப் பக்கம் இருக்கும். அந்த விளம்பரப் பணம் இல்லாமல் மலர் மெலிந்து வந்தாலும் பரவாயில்லை.

மொழிபெயர்ப்பாளர்களைப் பொறுத்தவரை நிலைமை அவசரமானது. பெருந்தொற்றுக் காலத்தில் தஞ்ச அலுவலகங்கள் தாங்களே தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைத் தந்தார்கள். 2023 செப்டம்பர் 13 முதல் விண்ணப்பதாரரே தம்மோடு அழைத்து வர வேண்டும் என்ற பழைய விதி திரும்பிவிட்டது. மொழிபெயர்ப்பவர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விண்ணப்பதாரரின் வழக்கறிஞராகவோ சாட்சியாகவோ சொந்த நாட்டு அரசின் ஊழியராகவோ இருக்கக்கூடாது. இன்னும் நேர்காணல் முடியாத தஞ்ச விண்ணப்பம் உள்ளவராகவும் இருக்கக்கூடாது. தகுந்த ஆள் இல்லாமல் போனால், நேர்காணலுக்கே வராதவராகக் கருதவும் இடமுண்டு. ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் உள்ள சமூகம் நாம். வார நாளில் அரைநாள் விடுப்பு எடுத்து வர ஒருவரைத் தேடி, பதினைந்து பேருக்குத் தொலைபேசி செய்திருக்கிறேன். வந்தவரும் அறைக்குள் போனபின், "அண்ணே, இதையெல்லாமா சொல்லப்போகிறீர்கள்?" என்று விண்ணப்பதாரரிடமே கேட்டார். பயிற்சி வேண்டும். இரண்டு சனிக்கிழமை போதும். சொல்லாததைச் சேர்க்காமல், சொன்னதைக் குறைக்காமல், கேட்டதை வெளியே கொண்டுபோகாமல் இருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கட்டணம் பற்றி ஒரு வரி. தஞ்ச விண்ணப்பத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லாமல் இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் 100 டாலர் கட்டணத்தையும், நிலுவையில் உள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டாலரையும் விதித்தது. விதிகள் வேகமாக மாறும் காலம் இது. நான் எழுதியதையும் வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அந்த அரைப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இந்த மடல் சங்கத்துக்கு அரசியல் சாயம் பூசிவிடும் என்று சிலர் தயங்கலாம். போன ஆண்டு நான் பேசியபோதும் அப்படித்தான் சொன்னீர்கள். தஞ்சம் கேட்பவர் எந்தக் கட்சி, எந்த நாடு, எந்தச் சாதி என்று நான் கேட்கவில்லை. ஐ-94 தாளில் உள்ள தேதியைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில் என்ன அரசியல் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த பொதுக்குழுவில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். தாளின் வரைவை நான் கொண்டுவருகிறேன். குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் கட்டணமின்றி வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். பொதுக்குழு தள்ளிப்போகுமானால் தாளையாவது இப்போதே அச்சிடுவோம், செலவு என்னுடையது. சென்ற விழாவில், கைக்குழந்தையோடு வந்து வாசலில் பெயர் எழுதிய ஒரு பெண், மெதுவாகக் குனிந்து, "நான் வந்து பத்து மாதம் ஆகிறது, உங்களிடம் ஒன்று கேட்கலாமா?" என்றார். பின்னால் வரிசை நின்றது. பிறகு பேசலாம் என்றேன். விழா முடிந்ததும் தேடினேன், போய்விட்டிருந்தார். அன்று அவர் எழுதிய எண்ணை நான்கு முறை அழைத்துவிட்டேன்; எடுக்கவில்லை. உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், என்னை அழைக்கச் சொல்லுங்கள். அவருக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

பணிவுடன்,
உங்கள் வாசலில் பெயர் எழுதிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளன்